வீட்டறைப் போஸ்ட்-ராக்கை எங்கே தேடுவது: ஆறு வழிகள், ஓர் ஒப்பீடு

போஸ்ட்-ராக், அதாவது பெரும்பாலும் பாடகர் இல்லாமல் கிட்டார்களை வைத்து மெதுவாகக் கட்டியெழுப்பும் இசை, பிடித்துப்போனவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். மோக்வாய், எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை, மோனோ, காட் இஸ் ஆன் ஆஸ்ட்ரோநாட் என்று பெரிய பெயர்களைக் கேட்டு முடித்தாயிற்று. இனி யாரென்றே தெரியாதவர்களை, ஒரு கிட்டாரையும் கணினியையும் வைத்துக்கொண்டு தன் அறையிலேயே பதிவு செய்து தானே வெளியிடும் ஆட்களைக் கேட்க வேண்டும். அவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? கையில் இருக்கும் ஸ்ட்ரீமிங் செயலியே போதுமா, இசைக்காரர்கள் நேரடியாக ஆல்பம் விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் கணக்கு தொடங்க வேண்டுமா, யூடியூபில் முழு ஆல்பம் போடும் சேனல்களைப் பின்தொடர்ந்தால் ஆகாதா, ரெட்டிட்டில் கேட்டால் யாராவது சொல்வார்களா?

எல்லாமே ஓரளவு வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு வழியும் வேறு வேறு ஆட்களைத்தான் உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தும், ஒவ்வொன்றும் உங்களை வேறு விதமாகக் கேட்கவைக்கும். இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

## ஏன் இவ்வளவு சிரமம்

பாட்டில் வரிகள் இருந்தால் நினைவில் நிற்கும் நாலு சொல்லைத் தட்டித் தேடிவிடலாம். இங்கே பெரும்பாலும் வரிகளே கிடையாது. எங்கேயோ ஒரு வீடியோவின் பின்னணியில் கேட்ட கிட்டாரை எப்படி எழுத்தில் தட்டுவது? ஓடும் இசையைக் கேட்டு அதன் பெயரைச் சொல்லும் ஷஸாம் மாதிரியான செயலி உதவும், ஆனால் அந்த டிராக், இசையைச் செயலிகளுக்கு அனுப்பிவைக்கும் ஏதாவது விநியோக நிறுவனம் வழியாக அதன் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தால்தான். தன் பக்கத்தில் மட்டும் கோப்பை ஏற்றிவிட்டுச் சும்மா இருக்கும் ஆளை அது பெரும்பாலும் கண்டுபிடிக்காது.

அடுத்தது, இவர்களில் பலர் மேடை ஏறுவதே இல்லை. ஒரே ஆள் மூன்று கிட்டார் தடங்களையும் பேஸையும் வாசித்து, டிரம்ஸை மென்பொருளில் தட்டி அமைத்து, ஆம்ப்ளிஃபயருக்குப் பதில் அதன் ஒலியைப் போலச் செய்யும் நிரலைப் போட்டு, ரிவெர்ப்பும் (எதிரொலிப்பு) டிலேயும் (தாமதமாகத் திரும்பி வரும் ஒலி) சேர்த்து ஒரு பெரிய மண்டபத்தின் ஒலியைச் சிறிய அறைக்குள் உண்டாக்குகிறார். இதை மேடையில் வாசிக்க இன்னும் நாலு பேர் வேண்டும், அவர்கள் இல்லை. கச்சேரி இல்லையென்றால் சுவரொட்டி இல்லை, விமர்சனம் இல்லை, பெரிய குழுவுக்கு முன்னால் வாசித்து அவர்களுடைய ரசிகர்களைப் பிடிக்கும் வாய்ப்பும் இல்லை.

கடைசியாக, டிராக்கின் நீளம். எட்டு நிமிடம், பன்னிரண்டு நிமிடம், சில சமயம் இருபது. அதில் முதல் மூன்று நான்கு நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், ஒரே சுருதிக்கோவை, ஒரு டிலே, பின்னால் ஏதோ இரைச்சல். நடப்பது முழுக்க அதற்குப் பிறகுதான். பத்து விநாடி கேட்டுவிட்டுத் தள்ளிவிடும் பழக்கத்தோடு இந்த இசைக்குள் நுழைந்தால் எதுவும் பிடிக்காது. அதனால் எந்த வழி உங்களை அந்த முதல் நான்கு நிமிடம் உட்காரவைக்கிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

- ஆழம்: எவ்வளவு சின்ன ஆள்வரை அந்த வழி போகும்? ஐம்பது பேர் மட்டுமே கேட்ட ஆல்பத்தை அது காட்டுமா?
- உங்கள் உழைப்பு: தானாக வந்து விழுமா, தோண்ட வேண்டுமா?
- காசு யாருக்கு: நீங்கள் கேட்பதால் அந்த ஆளுக்கு ஏதாவது போய்ச் சேருகிறதா?
- நிலைப்பு: பிடித்த ஆல்பம் அடுத்த வருடமும் உங்களிடம் இருக்குமா?
- கேட்கும் விதம்: முழு ஆல்பமாக, இடைவெட்டு இல்லாமல், ஒலியின் ஏற்ற இறக்கம் கெடாமல் கேட்க முடியுமா?

ஒலித்தரத்தைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. வீட்டில் சுமாரான மைக்கில் பதிவான இசைக்கு தரம் குறையாத ஃபிளாக் கோப்பா, சுருக்கிய எம்பி3 கோப்பா என்று சண்டை போடுவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை.

## ஸ்ட்ரீமிங் செயலிகள்

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் வகையறா. இவற்றின் பலம் தொடக்கத்தில்தான். 2015இல் ஸ்பாட்டிஃபை 'டிஸ்கவர் வீக்லி' என்று திங்கள்தோறும் முப்பது டிராக் தரும் பட்டியலைத் தொடங்கியது, பிறகு மற்றவர்களும் அதே மாதிரி ஏதாவது வைத்துக்கொண்டார்கள். போஸ்ட்-ராக்கில் முதல் முப்பது நாற்பது பெயர்களைத் தெரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

ஆழம் என்று வரும்போதுதான் சிக்கல். இந்தப் பரிந்துரைகளின் அடிப்படை, உங்களைப் போன்றவர்கள் எதையெல்லாம் சேர்த்துக் கேட்கிறார்கள், எந்த டிராக் எந்த டிராக்கோடு ஒரே பிளேலிஸ்ட்டில் வருகிறது என்கிற கணக்கு. நாற்பது பேர் கேட்ட ஆல்பம் யாருடைய பிளேலிஸ்ட்டிலும் இருக்காது, அதனால் அதற்கு அக்கம்பக்கமே கிடையாது, அதனால் அது யாருக்கும் பரிந்துரைக்கப்படாது, அதனால் நாற்பது நாற்பதாகவே இருக்கும். போதாததற்கு, 2020 இறுதியில் ஸ்பாட்டிஃபை அறிவித்த ஒரு திட்டப்படி, தனக்கு வரும் பங்கில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கும் இசைக்காரரின் டிராக்குக்குப் பரிந்துரைகளில் கூடுதல் தள்ளு கிடைக்கும். எது உங்கள் ரசனைக்காக வந்தது, எது அந்தத் தள்ளுதலால் வந்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் 'எவ்ரி நாய்ஸ் அட் ஒன்ஸ்' என்ற தளம் ஸ்பாட்டிஃபையின் தரவை வைத்து ஆயிரக்கணக்கான இசை வகைகளை வரைபடம் போல விரித்துக் காட்டியது, மூலை முடுக்குக்கெல்லாம் அதன் வழியாகப் போகலாம். அதை உருவாக்கியவர் 2023 டிசம்பர் ஆட்குறைப்பில் ஸ்பாட்டிஃபையை விட்டுப் போனதும் அது புதுப்பிக்கப்படாமல் நின்றுவிட்டது.

காசு விஷயம் இன்னும் மோசம். 2024 தொடக்கத்திலிருந்து, முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத டிராக்குக்கு ஸ்பாட்டிஃபை பதிவுக்கான பங்கைத் தருவதில்லை. வீட்டறை ஆட்களில் பெரும்பகுதி இந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். அதைத் தாண்டினாலும், 30 விநாடி கேட்டால் ஒரு எண்ணிக்கை, பதினான்கு நிமிடம் முழுதாகக் கேட்டாலும் அதே ஒரு எண்ணிக்கை. இரண்டே நீண்ட டிராக்குகள் கொண்ட நாற்பது நிமிட ஆல்பத்தை ஒருவர் முழுதாகக் கேட்டால் இரண்டு. இரண்டரை நிமிடப் பாடல்களாகப் பதினாறு போட்டிருந்தால் பதினாறு. இந்த வகை இசைக்கென்றே யோசித்துச் செய்த தண்டனை மாதிரி இருக்கிறது, வேண்டுமென்று செய்யவில்லை என்றாலும்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. ஒன்று, டிராக்குகளின் வரிசையைக் கலைத்துப்போட்டு (ஷஃபிள்) கேட்கும்போது ஒரு டிராக் அடுத்ததற்குள் கரைந்து போகும் ஆல்பம் துண்டுதுண்டாகிவிடும். ஒலியளவைச் சமன்செய்யும் வசதியும், ஆல்பமாக வரிசையில் கேட்டால்தான் ஆல்பத்துக்குள் இருக்கும் மெல்லிய டிராக்கையும் பெரிய டிராக்கையும் அவற்றின் இடத்திலேயே விட்டுவைக்கும், பிளேலிஸ்ட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிசெய்யும். மெதுவாக ஆரம்பித்து வெடிப்பதுதான் இந்த இசையின் உயிர் என்னும்போது இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு, பாடகர் இல்லாத இசையைப் போலியாக உருவாக்குவது எளிது. படிக்கும்போது கேட்க, தூங்கும்போது கேட்க என்று வரும் பட்டியல்களில் ஆள் யாரென்றே தெரியாத பெயர்களும் ஏஐ உருவாக்கிய டிராக்குகளும் கலந்து கிடக்கின்றன, அந்தப் பட்டியலுக்குள் உட்கார்ந்துகொண்டு பிரித்தறிய வழியில்லை.

எப்போது இதுவே சரி: இந்த வகைக்கு நீங்கள் புதிது என்றால். அல்லது வேறு இடத்தில் கண்டுபிடித்த ஆளை வெளியே போகும்போது போனில் கேட்க மட்டும்.

## பேண்ட்கேம்ப்

2008இல் தொடங்கிய தளம். வீட்டில் பதிவு செய்யும் போஸ்ட்-ராக் ஆட்களின் முகவரி கேட்டால் பலரும் இங்கேதான் இருப்பார்கள், வேறெங்கும் இல்லாமல் இங்கே மட்டும் இருப்பவர்களும் நிறைய. காரணம் எளிது, விநியோக நிறுவனம் தேவையில்லை, ஆண்டுச் சந்தா தேவையில்லை, கோப்பை ஏற்றி ஒரு படம் போட்டால் முடிந்தது. பெரிய குழுக்களிலும் சிலர் இந்தப் பக்கம் சாய்கிறார்கள். 2025இல் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் பெரிய ஸ்ட்ரீமிங் சேவைகளிலிருந்து தங்கள் ஆல்பங்களை எடுத்தபோது பேண்ட்கேம்ப்பில் அவை அப்படியே இருந்தன.

பலர் இங்கே வந்து 'போஸ்ட்-ராக்' என்ற குறிச்சொல்லைத் தட்டி, அதிகம் விற்பவை என்ற வரிசையில் பார்த்துவிட்டு, ஏற்கெனவே தெரிந்த பெயர்கள்தானே வருகின்றன என்று திரும்பிவிடுகிறார்கள். வரிசையைப் புதிதாக வந்தவை என்று மாற்றுங்கள். அதில் குப்பையும் வரும், ஆனால் ஆழம் அங்கேதான். குறிச்சொல்லையும் மாற்றிப் பாருங்கள்: இந்த இசைக்காரர்களில் பலருக்குத் தங்களைப் போஸ்ட்-ராக் என்று சொல்லிக்கொள்ளவே பிடிக்காது, ஆம்பியன்ட், ஷூகேஸ், மேத் ராக், போஸ்ட்-மெட்டல், சினிமாட்டிக், வெறுமனே இன்ஸ்ட்ருமென்டல் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

குறிச்சொல்லைவிட எத்தனையோ மடங்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆல்பத்தின் பக்கத்திலும் அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒருவரைத் தட்டினால் அவர் வாங்கிய மொத்தச் சேகரிப்பும் திறக்கும். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்: மூவாயிரம் ஆல்பம் வைத்திருப்பவரை விட்டுவிடுங்கள், அவர் எல்லாவற்றையும் வாங்குபவர், அவருடைய தேர்வில் செய்தி எதுவும் இல்லை. நூறு, நூற்றைம்பது வைத்திருப்பவர், அதில் உங்களுக்குத் தெரிந்தவை நாலு, உங்களுக்கு மிகவும் பிடித்தவை இரண்டு என்றால் அவர்தான் உங்கள் ஆள். மீதியெல்லாம் ஒருவர் காசு கொடுத்து எடுத்தவை என்பதால் அதில் சோம்பேறித்தனமான தேர்வு குறைவு. அல்காரிதம் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் அங்கே சராசரி மனிதர் ஒருவரின் ரசனை வருகிறது, இங்கே ஒரு குறிப்பிட்ட ஆளின் ரசனை, அவருக்கு மட்டுமே உள்ள கிறுக்குத்தனங்களோடு.

இது உங்களைக் கேட்கவைக்கும் விதமும் வேறு. ஒரு மனிதர் காசு போட்டு வாங்கியிருக்கிறாரே, ஏதோ இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அந்த முதல் நான்கு நிமிடத்தைக் கொடுத்துவிடுவோம். ஆல்பம் ஆல்பமாகவே வருகிறது, இடையில் விளம்பரம் இல்லை.

காசு: டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் எடுப்பது 15 சதவீதம், 12 மாதத்தில் 5,000 டாலர் தாண்டியவர்களுக்கு 10 சதவீதம், அதற்கு மேல் பணப்பரிமாற்றக் கட்டணம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின்போது ஆரம்பித்த 'பேண்ட்கேம்ப் ஃபிரைடே' என்ற வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஒரு ஆல்பம் வாங்கினால் அந்த ஆளுக்கு ஸ்ட்ரீமிங்கில் ஆயிரம் முறைக்கு மேல் ஓடினால்தான் வரக்கூடிய தொகை ஒரே தடவையில் போய்விடும்.

மறைமுகச் செலவு இங்கேயும் உண்டு, அதில் ஒன்றைக் கேட்பவர்கள் கவனிப்பதே இல்லை. 'விரும்பிய தொகை கொடு' என்று போட்டிருக்கும் ஆல்பத்தைப் பூஜ்யம் போட்டு இறக்கலாம், சரி. ஆனால் இசைக்காரரின் ஒரு கணக்குக்கு மாதத்துக்கு 200 இலவச இறக்கங்கள்தான் தளம் தருகிறது, நீங்கள் பூஜ்யம் போட்டு எடுத்தால் அதில் ஒன்று குறைகிறது. கேட்டுப் பார்க்கத்தான் என்றால் பக்கத்திலேயே ஓடவிட்டுக் கேளுங்கள், பிடித்த பிறகு எடுங்கள். சில முறை கேட்டபின் 'வாங்குகிறாயா' என்று ஒரு பெட்டி எழும்பும், அது நியாயமான கேள்விதான்.

இன்னொன்று நேரம். தோண்ட ஆரம்பித்தால் ஒரு மாலை முழுக்கப் போய்விடும், விருப்பப் பட்டியல் நீண்டுகொண்டே போகும், கேட்டது மட்டும் ஒன்றுகூட இருக்காது. அப்புறம் நிறுவனத்தின் கதை: 2022இல் வீடியோ கேம் நிறுவனமான எபிக் கேம்ஸ் வாங்கியது, அடுத்த ஆண்டே இசை உரிம நிறுவனமான சாங்டிரேடருக்குக் கைமாறியது, அப்போது ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது. தளம் இன்றும் நன்றாகவே இயங்குகிறது. ஆனாலும் வாங்கியதைத் தளத்திலேயே விட்டுவைக்காமல் உங்கள் வன்தட்டில் இறக்கிவைப்பது புத்திசாலித்தனம். ஒரு காலத்தில் பிரபலமாக இருந்த சமூக வலைத்தளமான மைஸ்பேஸ் 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசையைச் சர்வர் மாற்றத்தில் தொலைத்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது, ஐந்து கோடிக்கும் மேற்பட்ட டிராக்குகள் என்று சொல்லப்பட்டது. அதில் பெரிய நிறுவனங்களின் இசைக்கு வேறு பிரதி இருந்திருக்கும். வீட்டில் பதிவு செய்தவர்களின் இசைக்குப் பல சமயம் அதுதான் ஒரே பிரதி.

எப்போது இதுவே சரி: பெரிய பெயர்கள் தீர்ந்துபோய், வாரத்தில் ஒரு மாலையாவது ஒதுக்க முடிந்தால். நான் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

## யூடியூப் சேனல்கள்

'வேர் போஸ்ட் ராக் டுவெல்ஸ்', 'வேர்ல்ட்ஹாஸ்போஸ்ட்ராக்' போல முழு ஆல்பங்களை ஏற்றும் சேனல்கள் இந்த இசைக்குச் செய்திருக்கும் சேவை கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரு மலைப் படம், ஐம்பது நிமிட ஆல்பம், கீழே உலகம் முழுவதிலிருந்தும் கருத்துகள். சின்னப் பேண்டுகள் தாங்களே இவர்களுக்கு ஆல்பத்தை அனுப்புவதும் உண்டு, ஏனென்றால் சொந்தப் பக்கத்தில் முப்பது பேர் கேட்பது இங்கே ஏறினால் ஆயிரக்கணக்கானவர்களிடம் போகும்.

ஆழம் நடுத்தரம். சேனல் நடத்துபவர் ஒருவர் கேட்டுத் தேர்ந்தெடுப்பதால் குப்பை குறைவு, ஆனால் அவருடைய ரசனையே எல்லையும் ஆகிவிடும், பெரும்பாலும் அழகாக உயர்ந்து வெடிக்கும் கிட்டார் இசை. முரடான, விநோதமான வீட்டுப் பதிவுகள் இங்கே அரிது. கேட்கும் விதத்தில் ஒரு நல்லது இருக்கிறது, முழு ஆல்பமும் ஒரே வீடியோ என்பதால் தள்ளித் தள்ளிக் கேட்கும் ஆசை குறையும். ஆனால் எட்டு நிமிடம் மெதுவாகக் கட்டிக்கொண்டு வந்த டிராக் வெடிக்கப் போகும் நொடியில் சோப்பு விளம்பரம் வந்து நின்றால் என்ன செய்வது?

அந்த விளம்பரக் காசும் இசைக்காரருக்குப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். தொகுப்புச் சேனலில் ஏறியது என்றால், அந்த ஆல்பம் யூடியூபின் உரிமைக் கண்டறிதல் முறையில் (இசை யாருடையது என்று தானாகக் கண்டுபிடிக்கும் வசதி) பதிவாகியிருந்தால் ஒழிய அவருக்கு ஒன்றும் வராது. அவருடைய சொந்தச் சேனலே என்றாலும் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் குறிப்பிட்ட அளவு பார்வை நேரமும் வேண்டும். அந்த நிலையை எட்டாத சேனல்களின் வீடியோக்களிலும் விளம்பரம் போடும் உரிமையை யூடியூப் 2020 இறுதியில் தன் விதிகளில் சேர்த்துக்கொண்டது. விளம்பரம் ஓடும், இவருக்குப் பங்கு கிடையாது.

எப்போது இதுவே சரி: வேலை செய்துகொண்டே கேட்பவர்களுக்கு. பிடித்தால் வீடியோவின் கீழே இருக்கும் இணைப்பைத் தட்டி அந்த ஆளின் பக்கத்துக்குப் போய்விடுங்கள், பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

## சிறு லேபிள்களும் தொகுப்பு ஆல்பங்களும்

கொஞ்சம் பழைய முறை, இன்னும் நன்றாக வேலை செய்கிறது. பெல்ஜியத்தின் டங்க் ரெக்கார்ட்ஸ் (அதே பெயரில் ஒரு போஸ்ட்-ராக் விழாவும் நடத்துகிறார்கள்), பெர்லினின் பெலாஜிக் ரெக்கார்ட்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃப்ளட்டரி ரெக்கார்ட்ஸ் என்று இந்த வகைக்கே வாழும் லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்) இருக்கின்றன. மாண்ட்ரியலின் கான்ஸ்டலேஷன் 1997 முதல் இயங்குகிறது, ஆனால் அங்கே போனால் ஸ்டுடியோவில் பதிவானவைதான் அதிகம்.

வீட்டறை ஆட்களுக்கு லேபிளைவிடத் தொகுப்பு ஆல்பம்தான் நுழைவாசல். ஒரு தொகுப்பில் இருபது முப்பது பேர், ஆளுக்கு ஒரு டிராக், பெரும்பாலும் விரும்பிய தொகை. ஏ தவுசண்ட் ஆர்ம்ஸ் போன்றவர்கள் இப்படித் தொகுத்து வெளியிடுகிறார்கள். ஒரே ஒரு டிராக்தான் அனுப்ப முடியும் என்னும்போது யாரும் இருப்பதில் சுமாரானதை அனுப்ப மாட்டார்கள், அதனால் தரம் சராசரிக்கு மேலே இருக்கும். குறை என்னவென்றால், ஒரு லேபிளில் ஐந்து ஆல்பம் கேட்டபின் ஆறாவது எப்படி இருக்கும் என்று ஊகித்துவிடலாம். வினைல் ஆசை வந்துவிட்டால் செலவு தனி, தட்டின் விலையைவிட அஞ்சல் கட்டணமும் சுங்கமும் கூடிப்போகும் சந்தர்ப்பங்கள் உண்டு, வெளிநாட்டு லேபிள் என்றால் வாங்கும் முன் மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள்.

எப்போது இதுவே சரி: தோண்ட நேரமில்லை, ஆனால் அல்காரிதத்தை நம்பவும் மனமில்லை என்பவர்களுக்கு. இரண்டு லேபிள்களின் அஞ்சல் பட்டியலில் சேர்ந்தால் போதும், மாதத்துக்கு ஒன்றாவது நல்லது வந்து விழும்.

## ரசிகர் கூட்டங்களும் தரவரிசைத் தளங்களும்

ரெட்டிட்டின் போஸ்ட்-ராக் பகுதி, ரசிகர்கள் ஆல்பங்களுக்கு மதிப்பெண் போடும், 2000இல் தொடங்கிய ரேட் யுவர் மியூசிக், யார் எதைக் கேட்கிறார்கள் என்று பதிவு செய்யும், 2002இல் வந்த லாஸ்ட்.எஃப்எம் ஆகியவற்றை ஒரே கூடையில் போடுகிறேன். ரெட்டிட்டில் 'எனக்கு என்ன பரிந்துரைப்பீர்கள்' என்று பொதுவாகக் கேட்டால் ஏற்கெனவே தெரிந்த அதே பத்துப் பெயர்கள்தான் திரும்பி வரும். குறிப்பாகக் கேளுங்கள்: டிரம்ஸ் இல்லாமல், வயலின் இருக்க வேண்டும், வெடிக்கக் கூடாது, தனி ஆள் செய்தது. அப்போதுதான் ஓரத்தில் சும்மா படித்துக்கொண்டிருக்கும் ஆட்கள் வாய் திறப்பார்கள். தங்கள் ஆல்பத்தைத் தாங்களே போடும் இசைக்காரர்களும் அங்கே வருவார்கள், வாக்கு ஒன்றோ இரண்டோ வாங்கிக் கீழே போய்விடுவார்கள். நான் அந்தக் கீழே போனவற்றைத்தான் முதலில் திறப்பேன்.

ரேட் யுவர் மியூசிக்கின் பட்டியல் பகுதியில் மேல் வரிசை, பிரபல வரிசை என்பவற்றோடு, குறைவானவர்கள் கேட்டு நல்ல மதிப்பெண் கொடுத்தவற்றை மேலே கொண்டுவரும் ஒரு வரிசையும் இருக்கிறது. வகையைப் போஸ்ட்-ராக் என்று வைத்து, ஆண்டையும் குறுக்கினால் நல்ல வேட்டை. ஆனால் பதினைந்து பேர் போட்ட மதிப்பெண்ணில் ஐந்து பேர் நண்பர்களாக இருக்கலாம், அதை மனதில் வையுங்கள். லாஸ்ட்.எஃப்எம்மில் ஒத்த கலைஞர்கள் பட்டியலின் பின்பக்கங்களுக்குப் போய், கேட்டவர் எண்ணிக்கை சில நூறு மட்டுமே உள்ளவர்களைப் பாருங்கள்.

மறைமுகச் செலவு: கேட்பதைவிட மதிப்பெண் போடுவதும் வாதாடுவதும் பெரிய வேலையாகிவிடும். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டால் காது அந்த எண்ணையே தேடும்.

எப்போது இதுவே சரி: என்ன வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு.

## இலவசக் கிடங்குகள், இணைய வானொலி

பழைய இணையப் பொருள்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் நெட்லேபிள் (இணையத்தில் இலவசமாக இசை வெளியிடும் லேபிள்கள்) பகுதியில் 2000களில் குவிந்த வீட்டறை இசை இன்னும் கிடக்கிறது, பெரும்பாலும் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு, இறக்கிக்கொள்ளலாம். தேடும் வசதி சுமார்தான். வீடியோவுக்குப் பின்னணி தேடுபவர்கள் இங்கே வருவதுண்டு, உரிமத்தில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இருக்கிறதா என்று பார்க்காமல் எடுக்காதீர்கள். வானொலியில் சோமா எஃப்எம் மாதிரி விளம்பரமில்லாத நிலையங்கள் நல்ல துணை, ஆனால் அவர்கள் போடுவதைத்தான் கேட்க முடியும், போஸ்ட்-ராக் இடையிடையே வரும். யாரும் தங்கள் ஒலிக்கோப்பை ஏற்றும் சவுண்ட்கிளவுடில் முடிக்காத வரைவுகள் கிடைக்கும், ஒரு ஆளை ஏற்கெனவே பிடித்திருந்தால் அங்கேயும் எட்டிப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | ஆழம் | உங்கள் உழைப்பு | இசைக்காரருக்குக் காசு | நிலைப்பு | கேட்கும் விதம் |
|---|---|---|---|---|---|
| ஸ்ட்ரீமிங் | குறைவு | மிகக் குறைவு | பெரும்பாலும் பூஜ்யம் | எப்போது வேண்டுமானாலும் மறையலாம் | தள்ளிவிடத் தூண்டும் |
| பேண்ட்கேம்ப் | மிக அதிகம் | அதிகம் | பெரும்பகுதி போகும் | இறக்கிவைத்தால் உங்களுடையது | ஆல்பமாக, நிதானமாக |
| யூடியூப் சேனல் | நடுத்தரம் | குறைவு | அநேகமாக இல்லை | சேனல் இருக்கும்வரை | முழு ஆல்பம், இடையில் விளம்பரம் |
| லேபிள், தொகுப்பு | நடுத்தரம் | குறைவு | ஒப்பந்தத்தைப் பொறுத்து | நல்லது | தொகுப்பு என்றால் ஆளுக்கு ஒரு டிராக் |
| ரசிகர் கூட்டம் | அதிகம், சரியாகக் கேட்டால் | நடுத்தரம் | நேரடியாக இல்லை | பொருந்தாது | மதிப்பெண் காதில் ஏறும் |
| கிடங்கு, வானொலி | அதிகம், ஆனால் சிதறல் | அதிகம் / இல்லை | இல்லை, நன்கொடை தவிர | கிடங்கில் நல்லது | கிடைப்பதைக் கேட்க வேண்டும் |

## சரி, நீங்கள் எதை எடுப்பது

இந்த வகையே புதிது என்றால் ஸ்ட்ரீமிங்கில் இரண்டு மூன்று மாதம் இருங்கள். பிறகு பட்டியலில் வந்ததே வர ஆரம்பிக்கும், அதுதான் கிளம்புவதற்கான அடையாளம். வேலைக்கு நடுவே மட்டும் கேட்பவர் என்றால் யூடியூப் சேனல் ஒன்றும் லேபிள் அஞ்சல் ஒன்றும் போதும், பேண்ட்கேம்ப்பில் தோண்டுகிறேன் என்று உட்கார்ந்தால் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். கையில் காசு குறைவு, நேரம் நிறைய என்றால் நெட்லேபிள் கிடங்கும் ரேட் யுவர் மியூசிக்கும். நீங்களே வீட்டில் பதிவு செய்பவர் என்றால் தொகுப்பு ஆல்பங்களைக் கேளுங்கள், அடுத்த தொகுப்புக்கு யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

வீட்டறை ஆட்கள்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் பேண்ட்கேம்ப்பையே நடுவில் வையுங்கள், மற்றதெல்லாம் அதற்குத் தீனி போடும் வழிகள். யூடியூபில் கேட்டது பிடித்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து, வாங்கியவர்களில் சின்னச் சேகரிப்புக்காரர் ஒருவரைப் பிடித்து, அவரிடமிருந்து மூன்று ஆல்பம் மட்டும் எடுங்கள், முப்பது அல்ல. ஒவ்வொன்றிலும் மிக நீண்ட டிராக்கை முதலில் போட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முடியும்வரை கேளுங்கள். நீண்ட டிராக்கில்தான் ஒருவருக்குக் கட்டிக்கொண்டு போகத் தெரியுமா, வெறும் ரிவெர்ப்பில் மறைந்துகொள்கிறாரா என்பது வெளிப்படும்.

ஆள் நிஜமா ஏஐயா என்ற சந்தேகம் வந்தால் பக்கத்தின் அடியில் இருக்கும் விவரங்களைப் படியுங்கள். எந்தக் கிட்டார், டிரம்ஸ் நிரல் யார் எழுதியது, எந்த வருடத்தில் எந்த அறையில் பதிவானது, யார் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்தார் என்று இந்த ஆட்கள் தேவைக்கு அதிகமாகவே எழுதுவார்கள். ஒரே மாதத்தில் ஒன்பது ஆல்பம், ஒரு வரி விவரம்கூட இல்லை, எல்லா அட்டையிலும் பனிமூட்டமான மலை என்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

வாங்கும்போது பேண்ட்கேம்ப்பில் எந்த டிராக் பிடித்தது என்று ஓரிரு வரி எழுத ஒரு இடம் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். பதினொரு பேர் வாங்கிய ஆல்பத்தின் பக்கத்துக்கு அடுத்து வருபவர் முதலில் படிக்கப்போவது அந்த வரியைத்தான், பிறகு உங்கள் படத்தைத் தட்டி உங்கள் சேகரிப்பைத்தான் திறப்பார்.